மடித்து வைத்த தேதி

எங்கள் தீவில், ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பல் டிக்கெட் கவுண்டருக்கு உள்ளே உட்கார ஆரம்பித்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் நீ அதிகம் பேசிய பேச்சு எது என்று யாராவது கேட்டால் யோசிக்கவே வேண்டாம். "போர்டு பர் லிக்கா ஹை, பட்னா நஹி ஆதா க்யா?" எதிரே நிற்பது தமிழ் ஆள் என்று தெரிந்தால் அதையே தமிழில் கேட்பேன். "போர்டுல எழுதியிருக்கே, படிக்கலையா?" அடையாள அட்டை நகல் இல்லாமல் வருவான், கவுண்டர் மூடின பிறகு வருவான், ரங்கத் கப்பலுக்கு நிற்க வேண்டியவன் வேறு வரிசையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்து பல்லைக் காட்டுவான். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். மூக்குக்கு மேலே கோபம் உள்ள ஆள் என்று என்னைப் பற்றி ஜெட்டி முழுக்கப் பெயர். என் மனைவி மட்டும் சிரிப்பாள். "கவுண்டருக்குள்ள நீங்க ராஜா. வெளிய வந்தா நீங்களும் லைன்லதான் நிக்கணும்" என்பாள்.

பத்தொன்பது வருடம் என்றாலும் நான் ஒப்பந்த ஊழியன்தான். நிரந்தர ஊழியர்களுக்கு உள்ள வைத்திய வசதி எங்களுக்குக் கிடையாது. டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் வாடகை வீடு. முன் அறையில் தையல் மெஷினைப் போட்டு அவள் ரவிக்கை தைப்பாள், புடவைக்கு ஓரம் அடிப்பாள். ஒரே மகள், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்த வருடம்தான் இன்சூரன்ஸ் பேச்சு வீட்டுக்குள் வந்தது. அதுவரை எங்கள் மூன்று பேருக்கும் எதுவும் இல்லை.

இரண்டு வழி இருந்தது. ஒன்று, தீவில் வசிக்கிறவர்களுக்கான அரசாங்கக் கார்டு. இங்கே வைத்தியம் இல்லை என்றால் இங்குள்ள பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ரெஃபரல் எழுதுவார். அதை வைத்துக்கொண்டு மெயின்லேண்ட் போனால் அங்கே ஆகிற செலவு அவர்களுடையது. இன்னொன்று, தனியார் பாலிசி. வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். யாருடைய கையெழுத்தும் வேண்டாம், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். எங்களுக்குக் காட்டிய பட்டியலில் இருந்த ஆஸ்பத்திரி எல்லாமே கடலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள். "எந்த பாலிசி எடுத்தாலும் வயித்த வலிக்குதுன்னா மொதல்ல இங்கதானே ஓடணும்? அப்ப இந்தக் கார்டுதான் வேணும். காசு இருந்தா ரெண்டையும் வச்சுக்குவோம்."

நியாயமான பேச்சு. நான் கார்டுக்கு விண்ணப்பிக்கப் போனேன். முதல் தடவை வருமானச் சான்று இல்லை என்று திருப்பினார்கள். இரண்டாம் தடவை சான்றில் முத்திரை சரியில்லை. மூன்றாம் தடவை, லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன், ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் தலையை நிமிர்த்தாமலேயே "கல் ஆயியே" என்றார். நாளைக்கு வா என்று நான் எத்தனை பேரைத் திருப்பியிருப்பேன்! அது அப்போது உறைக்கவில்லை. விண்ணப்பத்தை அவர் முகத்துக்கு நேரே நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். வரிசையில் நின்ற யாரோ கைகூடத் தட்டினார்கள். பெரிய வீரனைப் போல வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். அவள் தைத்துக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. "சரி, நாளைக்கு வேற ஃபாரம் வாங்கிட்டு வாங்க" என்றாள். நான் போகவில்லை.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஜெட்டியில் சாமான் ஏற்றுகிற ஒருவர் ரெஃபரலுக்குக் காத்திருந்தே செத்துப்போனார் என்று அங்கே ஒரு பேச்சு. கையெழுத்து வருவதற்குள் ஆள் போய்விட்டான் என்று டீக்கடையில் பத்துப் பேர் சொன்னார்கள், நானும் பதினோராவது ஆளாகச் சொன்னேன். பல மாதம் கழித்து அவருடைய மனைவி கவுண்டருக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ரெஃபரல் மூன்றே நாளில் வந்துவிட்டதாம். மகள் கல்யாணம் முடியட்டும் என்று அவர்தான் தள்ளிப்போட்டிருக்கிறார். அது எனக்குத் தெரிய வந்தபோது நான் பாலிசி எடுத்தாகிவிட்டது.

பாலிசி பிடித்துக் கொடுத்தவர் எங்கள் மாவட்டத்துக்காரர். டைல்ஸ் கடை வைத்துக்கொண்டு பக்கத்தில் இதையும் செய்துகொண்டிருந்தார். ஜூன் மாதம் ஒரு நல்ல நாள் பார்த்துக் கையெழுத்து வாங்கினார். ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் வந்தது. அதில் உள்ளதை அவரே இரண்டு நிமிடத்தில் வாயால் சொல்லி முடித்தார். முதல் முப்பது நாள் எந்த நோய்க்கும் கிடைக்காது. கண் புரை, மூலம், கல், பெண்களுக்கு வருகிற கர்ப்பப்பை சமாச்சாரம், இதற்கெல்லாம் இரண்டு வருடம் போக வேண்டும். ஏற்கனவே உள்ள சர்க்கரைக்கு இன்னும் கொஞ்சம் அதிகம். மற்றபடி ஒன்றும் கவலை இல்லை. நான் அந்தப் புத்தகத்தை மகளின் சான்றிதழ்களோடு பீரோவில் வைத்துப் பூட்டினேன். பிரித்துப் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் நவம்பரில் ஒரு நாள், தையல் மெஷின் ஸ்டூலின் மேல் ஒரு அரக்குக் கலர் துண்டு நாலாக மடித்துப் போட்டிருந்ததைப் பார்த்தேன். உட்கார மெத்தென்று இருக்கட்டும் என்று போட்டிருக்கிறாள் என நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அவளே சொன்னாள். மாதவிலக்கு கணக்கில்லாமல் போகிறது, நின்று நின்று வருகிறது, சில நாள் நிற்பதே இல்லை. நாற்பத்தாறு வயது. நிற்கிற வயசுதானே, அப்படித்தான் இருக்கும் என்று நான் டாக்டர் மாதிரி பேசினேன். ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்றாள். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று டைல்ஸ் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாப்ள, அவசரப்படாத. அங்க போயி பர்ச்சி போட்டேன்னு வையி, தேதியோட பேரு ஏறிரும். நாளைக்கி ஆபரேசன்னு போகையில ரெண்டு வருசத்துக்குள்ளயே வந்த வியாதின்னு தள்ளிருவான். இன்னும் ஏழு மாசம். பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்கச் சொல்லு."

பர்ச்சி என்றால் ஆஸ்பத்திரியில் தருகிற ஓ.பி. சீட்டுதான். இங்கே தமிழன், வங்காளி, தெலுங்கன் எல்லோருக்கும் அது பர்ச்சி. அந்தத் துண்டுக் காகிதத்தில் அவள் பெயர் ஏறக் கூடாது என்று நானும் அவளும் முடிவு செய்தோம். நானும் அவளும் என்று எழுதுவது பொய். நான் முடிவு செய்தேன், அவள் சரி என்றாள். இரண்டு வருடமாகக் கட்டின பணம் வீணாகப் போகக் கூடாது என்று அவளும் நினைத்தாள் என்பது மட்டும் உண்மை. மருந்துக் கடையில் இரும்புச் சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். பேரீச்சம்பழம் வாங்கிப் போட்டேன். கடமையைச் செய்துவிட்ட திருப்தி எனக்கு.

தினசரிக் காலண்டர் எங்களுக்கு ஜனவரி பாதியில்தான் வரும், மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டுமே. அந்த வருடம் அது வந்ததும் அவள் தாள்களைத் தள்ளித் தள்ளிப் போய் ஜூன் மாதத்தில் ஒரு தாளின் ஓரத்தை மடித்து வைத்தாள். இரண்டு வருடம் முடிகிற தேதி. தினமும் காலையில் ஒரு தாள் கிழிப்பாள். கிழிக்கும்போது அந்த மடிப்பை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

பிப்ரவரியில் என் சட்டைப் பித்தான் ஒன்று போய்விட்டது. அவள் கடைக்குப் போயிருந்தாள். நானே தைத்துக்கொள்ளலாம் என்று மெஷின் டிராயரைத் திறந்து ஊசி தேடினேன். நூல்கண்டுகளுக்கு அடியில் ஒரு காகிதம் மடித்து வைத்திருந்தது. மெயின்லேண்டுக்கு அனுப்பும் ரெஃபரல். கர்ப்பப்பை என்று எழுதியிருந்தது, கீழே டாக்டர் கையெழுத்து, முத்திரை. பெயர் மட்டும் என் தங்கையின் பெயர்.

என் தங்கை இதே ஊரில் டாலிகஞ்சில் இருக்கிறாள். அவர்கள் குடும்பத்துக்கு அரசாங்கக் கார்டு உண்டு. எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, தங்கைக்குத்தான் ஏதோ என்று பதறிப்போய் அவளுக்குப் போன் செய்தேன். அவள் அந்தப் பக்கம் அழ ஆரம்பித்துவிட்டாள். ஜனவரியில் என் மனைவி அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். பர்ச்சியில் தங்கையின் பெயரைக் கொடுத்து உள்ளே இவள் போய்ப் படுத்திருக்கிறாள். ஸ்கேனும் அதே பெயரில் எடுத்திருக்கிறார்கள், கட்டி மாதிரி ஒன்று தெரிந்திருக்கிறது. சதையைக் கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டும், அட்மிட் ஆகுங்கள் என்று டாக்டரம்மா சொல்லவும் இவள் பயந்துவிட்டாள். அட்மிட் என்றால் ஆதார் அட்டை கேட்பார்கள். அப்படியானால் மெயின்லேண்டிலாவது போய்ச் சீக்கிரம் பாருங்கள் என்று அந்த அம்மா ரெஃபரலுக்கு ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறார்.

"அண்ணே, நா எவ்வளவோ சொன்னேன், மதினி கேக்கல" என்றாள் தங்கை. "டாக்டரம்மா சீக்கிரம், சீக்கிரம்னு ரெண்டு தரம் சொன்னாங்கண்ணே. நாளைக்கே மதினி பேர்ல பர்ச்சி போட்ருவோம். என்னைய ஏசுனா ஏசிட்டுப் போறாங்க."

நான் அவளைத் திட்டினேன். கடையிலிருந்து மனைவி வந்ததும் அவளையும் திட்டினேன். ஆள் மாறாட்டம் பண்ணி வைத்திருக்கிறாயே, வெளியே தெரிந்தால் என் தங்கை குடும்பத்தின் கார்டு என்ன ஆகும், அவள் புருஷன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்று வீடு அதிரக் கத்தினேன். அவள் காய்கறிப் பையைக் கீழே வைக்காமல் நின்று கேட்டாள். கத்தி முடித்த பிறகு, "இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றாள்.

அந்த இடத்துக்கு நான் எத்தனையோ தடவை திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டேன். மணி காலை பத்துகூட ஆகவில்லை. ஆட்டோ பிடித்தால் ஆஸ்பத்திரி கால் மணி நேரம். டாக்டரம்மாவின் காலில் விழுந்து, அம்மா, தப்பு நடந்துபோச்சு, இவள் பெயரில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். ஏசியிருப்பார், எழுதியும் கொடுத்திருப்பார். கார்டுக்கு விண்ணப்பமும் அன்றைக்கே போட்டிருக்கலாம். ஆனால் பர்ச்சியில் தேதி ஏறினால் பாலிசி போச்சே என்று நினைத்தேன். அதைவிட, மறுபடியும் அந்தக் கார்டு ஜன்னலில் போய் நிற்க வேண்டுமே என்று நினைத்தேன். அவள் முதல் நாள் சொன்னதுதான் சரி, நான் கிழித்துப் போட்டதுதான் தப்பு என்று ஆகிவிடும். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"நாலு மாசம்தானே" என்றேன். "கப்பலுக்கு எத்தன நாள் காத்துக் கெடந்திருக்கோம். இதுவும் ஒரு கப்பல்னு நெனச்சுக்க."

தீவில் இருப்பவர்களுக்குக் காத்திருப்பது ஒரு பெரிய விஷயமே இல்லை. காற்று அடித்தால் கப்பல் ரத்து, சீட் இல்லையென்றால் அடுத்த கப்பல். காத்திருந்தால் கப்பல் வரும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வராது. அவளும் தலையை ஆட்டிவிட்டுக் காய்கறியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த நாலு மாதத்தை அவள் எப்படிக் கடந்தாள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. மார்ச்சில் முகம் வெளுத்தது. ஏப்ரலில் படி ஏறினால் மூச்சு வாங்கியது. மே மாதம் மெஷினை மிதிக்க முடியாமல் தைக்க வந்த துணிகளையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மகள் என்னோடு சண்டை போட்டாள். அம்மாவை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள், காசு போனால் போகட்டும் என்றாள். உனக்கு விவரம் தெரியாது, சும்மா இரு என்று அவள் வாயை அடைத்தேன். கட்டிதான், கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று வீட்டில் மூன்று பேருமே நம்பினோம். எத்தனையோ பேருக்கு எடுக்கிறார்கள்தானே. காலண்டரில் மடிப்பு கிட்டே வந்துகொண்டிருந்தது. அவள் உற்சாகமாகக்கூட இருந்தாள். மெயின்லேண்ட் போகிற பையில் துண்டுகளையும் நைட்டிகளையும் ஒரு மாதம் முன்னாலேயே எடுத்து வைத்துவிட்டாள்.

மடித்து வைத்த தாளை அவளே கிழித்தாள். மறுநாள் விமானத்தில் சென்னைக்குப் போனோம். பட்டியலில் இருந்த பெரிய ஆஸ்பத்திரி. வரிசை இல்லை, குளிர்சாதனம், எல்லோரும் சார் என்றார்கள். இதற்குத்தான் இந்தப் பாலிசி என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "ரெண்டு வாரமா டாக்டர்." அதை அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள் என்பது அந்த வேகத்திலேயே தெரிந்தது. டாக்டர் ரத்தச் சோதனைத் தாளைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். இரண்டு வாரத்தில் ரத்தம் இவ்வளவு குறையாதே அம்மா என்றார். அவள் கீழே பார்த்தாள். பத்தொன்பது வருடமாக ஊரையே அதட்டின என் வாய் அப்போது திறக்கவில்லை.

ஐந்து நாள் கழித்து என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். கட்டி இல்லை, புற்று என்றார். கர்ப்பப்பையைத் தாண்டி ஈரலுக்கும் நுரையீரலுக்கும் போயிருக்கிறது. ஆபரேஷன் செய்து பயனில்லை, மருந்து ஏற்றலாம், கொஞ்ச காலம் தள்ளலாம். பிறகு பழைய கேள்வியையே மறுபடியும் கேட்டார். இப்போதாவது உண்மையைச் சொல்லுங்கள், எத்தனை நாளாக? எட்டு மாதம் என்றேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேஸ் ஷீட்டில் எட்டு மாதம் என்று எழுதினார், அவ்வளவுதான்.

அந்த அறையிலிருந்து வெளியே வந்த எனக்கு முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? அய்யோ, எட்டு மாதம் என்று எழுதிவிட்டாரே, இனி பாலிசிக்காரன் கொடுக்க மாட்டானே என்பதுதான். பெண்டாட்டி சாகப் போகிறாள் என்று சொல்லி இரண்டு நிமிடம் ஆகவில்லை. நான் எவ்வளவு கேவலமான மனுஷன் என்பதை நானே எழுதி வைக்கிறேன், யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

நேரே கீழே இன்சூரன்ஸ் மேஜைக்குப் போனேன். மகள் வயசு இருக்கும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நான் நின்றபடியே மூச்சு விடாமல் பேசினேன். டாக்டர் எட்டு மாதம் என்று எழுதியது இருக்கட்டும், நாங்கள் இரண்டு வருடம் முடியும்வரை எங்கேயும் போகவில்லை, ஒரு பர்ச்சிகூடப் போடவில்லை, சரியாக முடிந்த மறுநாள்தான் புறப்பட்டோம், வேண்டுமானால் விமான டிக்கெட்டைப் பாருங்கள் என்று எடுத்து நீட்டினேன். அவள் என்னை உட்காரச் சொன்னாள். கம்ப்யூட்டரில் எதையோ பார்த்தாள். முகத்தில் குழப்பம் இருந்தது.

"அப்ரூவல் வந்துடுச்சு சார், ஒண்ணும் பிரச்சன இல்ல" என்றாள். "ஆனா எதுக்கு ரெண்டு வருஷம் வெயிட் பண்ணீங்க? அது சாதாரணக் கட்டிக்குத்தான். கேன்சருக்குக் கிடையாது. மொத முப்பது நாள் முடிஞ்சா போதும். நீங்க எட்டு மாசம் முன்னாடியே வந்திருந்தாலும் குடுத்திருப்பாங்க."

அப்படியெல்லாம் இல்லை, இரண்டு வருடம்தான் என்று நான் அவளிடமே வாதாடினேன். அவள் கோபப்படவில்லை. திரையை என் பக்கம் திருப்பி ஒரு வரியை விரலால் காட்டினாள். "பாலிசியில எழுதியிருக்கே சார், படிக்கலையா?"

அவள் மரியாதையாகத்தான் கேட்டாள். நான் எழுந்தேன். லிஃப்டில் போக மனம் வராமல் படிக்கட்டில் ஏறினேன். மூன்றாம் மாடி வளைவில் உட்கார்ந்து அழுதேன், யாரோ ஒருவர் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார். முகத்தைக் கழுவிக்கொண்டு வார்டுக்குப் போனேன்.

அவள் கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டில் ரத்தத்திலேயே முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. பாலிசிக்காரங்க என்ன சொன்னாங்க என்றுதான் கேட்டாள். முழுசா ஒத்துக்கிட்டாங்க என்று சொன்னேன்.

அவள் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டாள். பிறகு ஊசி குத்தாத கையால் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா" என்றாள். "நல்லவேள, நீங்க சொன்ன மாதிரி காத்திருந்தோம்."

ஆமா என்றேன்.